ஸ்டேக் உணவகமும் நம் ஊர்ப் பயணிகளும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த இத்தாலிப் பயணக் கட்டுரை, அங்குள்ள ஸ்டேக் (நெருப்பில் வாட்டிய தடித்த மாட்டிறைச்சித் துண்டு) உணவகங்களில் ரத்தம் வடியும் அரைவேக்காட்டு இறைச்சியே கிடைக்கிறது என்றும், நம்மவர்கள் அந்தப் பக்கமே போகாதிருப்பது நல்லது என்றும் எழுதியிருந்தது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களிலிருந்து மிலான் தோல் கண்காட்சிக்கும், இத்தாலியின் டஸ்கனி பகுதியில் உள்ள தோல் நகரமான சாந்தா குரோச்சேவுக்கும் தொழில் நிமித்தமாகச் சென்று வருவோர் பலர். வேலை முடிந்த மாலையில் அங்குள்ள வணிகர்கள் அன்போடு அழைத்துப் போய் உட்கார வைப்பது இத்தகைய எளிய உணவகங்களில்தான் என்பதால், அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க எனக்கு மனம் வரவில்லை.

தட்டில் தேங்கும் சிவப்பு நீர் ரத்தமன்று. ரத்தம் அறுக்கும்போதே பெரும்பாலும் வடிந்துவிடுகிறது. எஞ்சுவது மயோகுளோபின் என்னும் தசைப் புரதம் கலந்த நீர். முழுத்துண்டு இறைச்சியில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். கரி நெருப்பு அவற்றை அழித்துவிடும். கொத்துக்கறியில் மேற்பரப்பு உள்ளே கலந்துவிடுவதால்தான் அமெரிக்க வேளாண் துறை அதற்கு 71 டிகிரி செல்சியஸ் என்றும், முழுத்துண்டுக்கு 63 டிகிரியும் அதன்பின் 3 நிமிட ஓய்வும் போதும் என்றும் கூறுகிறது. டஸ்கனியின் புளோரன்ஸ் நகரப் பாணி ஸ்டேக்கின் நடுப்பகுதி அந்த 63 டிகிரியைக்கூட எட்டுவதில்லை. ஆகவே கர்ப்பிணிகளும் முதியோரும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் அதைத் தவிர்க்கத்தான் வேண்டும்.

ஸ்டேக்கை ஏன் நெடுநேரம் வேகவிடுவதில்லை என்பதைத் தோல் தொழிலில் இருப்பவர்களுக்கு விளக்குவது எளிது. பதனிடாத தோலை நீரில் இட்டுச் சூடேற்றினால் ஏறத்தாழ 60 முதல் 65 டிகிரியில் சுருண்டுவிடும். குரோமிய உப்பால் நன்கு பதனிட்ட தோலோ கொதிநீரையும் தாங்கும். அங்கே சுருங்கும் கொலாஜன் என்னும் நார்ப்புரதம்தான் இறைச்சியிலும் இருக்கிறது. தொடைக்கறியையும் நெஞ்செலும்பையும் நாம் குழம்பில் நெடுநேரம் வேகவிடும்போது அது கரைந்து, கறி எலும்பிலிருந்து தானே கழன்று வருகிறது. ஸ்டேக்குக்கு எடுப்பதோ மாட்டின் முதுகுப் பகுதி. அதிகம் உழைக்காத அந்தத் தசையில் கொலாஜன் குறைவு. நன்றாக வேகட்டும் என்று அதை நெருப்பிலேயே விட்டால் நார்கள் சுருங்கி, பிழிந்த துணிபோல் நீரெல்லாம் வெளியேறிவிடும். பிறகு அதை மென்று பார்த்துவிட்டு அந்நாட்டுச் சமையலைக் குறை சொல்வது நியாயமில்லை.

கட்டுரையாளர் எச்சரித்திருக்க வேண்டியது விலையைப் பற்றித்தான். புளோரன்ஸ் ஸ்டேக் மூன்று, நான்கு விரற்கடைத் தடிமனில், எலும்போடு, பெரும்பாலும் ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். இருவரோ மூவரோ பகிர்ந்து உண்பதற்கானது. விலைப்பட்டியலில் பல இடங்களில் 100 கிராமுக்கான விலையே அச்சாகியிருக்கும். 6 யூரோ என்று கண்டு ஒரு தட்டின் விலை என நினைப்பவர், 1,200 கிராம் துண்டுக்கு 72 யூரோ தர நேரிடும். பல உணவகங்களில் பரிமாறுபவர் பச்சைத் துண்டை மேசைக்கே கொண்டுவந்து காட்டி, எடையைச் சொல்லி, நாம் தலையசைத்த பிறகே அடுப்புக்கு எடுத்துச் செல்கிறார். மொத்த விலையைக் கேட்க வேண்டிய தருணம் அதுவே. கேட்பதை அங்கு யாரும் குறைவாக நினைப்பதில்லை. தலைக்கு இவ்வளவு என்ற மேசைக் கட்டணமும் பில்லில் தனியாகச் சேரும்.

ஹலால் மட்டுமே உண்பவர்கள் அழைப்பை ஏற்கும்போதே அதைத் தெரிவித்துவிடலாம். இறைச்சி உண்ணாதவர்களுக்கு வேகவைத்த வெள்ளை பீன்ஸ், கீரை, சுட்ட உருளைக்கிழங்கு ஆகியவை பெரும்பாலும் கிடைக்கும். இந்த விவரங்களை விளக்கும் கட்டுரை ஒன்றை, அடுத்த மிலான் கண்காட்சிக்கு நம் பகுதியினர் புறப்படும் முன்பே தங்கள் நாளிதழ் வெளியிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தோல் பதனிடும் தொழிலில் உள்ள ஒரு வாசகர்,
ராணிப்பேட்டை.