களப்போரச் சேற்றில் மோட்டார் சைக்கிள் ஓட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பங்குனி பிறந்ததும் நிலாவெளிப் பக்கத்துக் களப்புகளில் நீர் வற்றிச் சேறு வெளிப்படும். வாடைக்காற்றுக் காலத்தில் வந்த பறவைகள் திரும்பிச் செல்லுமுன் இரைக்காகக் கூடுவது அந்தச் சேற்றில்தான். அண்மையில் ஒரு விடியற்காலை பெரியகரைச்சிக் களப்போரம் தொலைநோக்கியுடன் நின்றபோது, மாரி முழுவதும் சாம்பல் நிறமாகத் திரிந்த வளைமூக்கு உள்ளான்கள் பலவற்றின் நெஞ்சில் செங்கல் நிறம் படரத் தொடங்கியிருந்தது. சைபீரியாவின் வடகோடியில் முட்டையிடும் இப்பறவையின் எடை ஏறத்தாழ 60 கிராம். அவ்வளவு தூரம் பறப்பதற்கு, புறப்படும் முந்திய வாரங்களில் புழு பூச்சிகளைத் தின்று உடலில் கொழுப்புச் சேர்த்தாக வேண்டும். அஞ்சி எழும்பும் ஒவ்வொரு தடவையும் அந்தச் சேமிப்பில் ஒரு பங்கு வீணாகிறது.

அன்று அவற்றை எழுப்பியவை சேற்றுத் தரையில் வேகப்போட்டி ஓடிய மோட்டார் சைக்கிள்களும் அவற்றின் பின்னால் குரைத்தோடிய நாய்களுமே. இடுப்பளவு நீரில் வீச்சுவலை எறிந்துகொண்டிருந்த மீனவர்களுக்கு அருகிலேயே கூழைக்கடாக்கள் அமைதியாக மிதந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். பறவைகளின் பெயரால் தொழிலாளரைத் தடுக்குமாறு எவரும் கேட்கத் தேவையில்லை.

இதைவிடக் கவலை தருவது இங்கேயே வாழும் பறவைகளின் நிலை. தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய தனி இனமென 2023 இல் வெளியான ஆய்வொன்று எடுத்துக்காட்டிய அனுமன் உப்புக்கொத்தியும், நமக்கெல்லாம் தெரிந்த ஆட்காட்டியும் கூடு கட்டுவதில்லை; வெறுந்தரைக் குழியிலேயே முட்டையிடுகின்றன. காய்ந்த மாட்டுக் குளம்படி ஒன்றில், மண்ணின் நிறத்திலேயே கரும்புள்ளிகளோடு கிடந்த மூன்று முட்டைகளை, தாய்ப்பறவை சிறகொடிந்ததுபோல் தரையில் இழுபட்டு என்னைத் திசைதிருப்ப முயன்றிராவிட்டால் நானும் கண்டிருக்கமாட்டேன். அவற்றிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சில்லுத் தடம் பதிந்திருந்தது.

நிலாவெளிக் கரைக்கு அப்பால் கடலில் உள்ள புறாமலைத் தீவு 1963 இல் சரணாலயமாகி, 2003 இல் தேசியப் பூங்காவாக உயர்ந்தது. அதைப் பார்க்கவரும் பயணிகளுள் பெரும்பாலோர், வீதிக்கு மறுபுறம் உள்ள களப்பைத் திரும்பியும் பார்ப்பதில்லை. நம்மவர்களும் அப்படித்தான். வேலியோ நுழைவுக் கட்டணமோ இதற்கு வேண்டியதில்லை. பங்குனி முதல் ஆனி வரை வாகனங்கள் சேற்றுத் தரையில் இறங்காதவாறு தடம் முடியும் இடங்களில் கல் நட்டு, தமிழிலும் சிங்களத்திலும் அறிவிப்புப் பலகை வைத்தாலே போதும். வனஜீவராசிகள் திணைக்களமும் பிரதேச சபையும் மீனவர் சங்கங்களோடு கலந்துபேசி, விடுமுறைக் கூட்டம் வந்து சேரும் சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னரே இதனைச் செய்து முடிக்குமாறு தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
நிலாவெளி, திருகோணமலை.