ஒன்றரை மில்லிமீட்டர் குளவிக்கு எத்தனை மதிப்பெண்?

வேளாண் பல்கலைக்கழகங்களில் ஆள் எடுக்கும், பதவி உயர்வு வழங்கும் தேர்வுக் குழுவினர் அனைவருக்கும்,

வணக்கம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு நேர்காணலுக்குப் போயிருந்தேன். எந்தப் பல்கலைக்கழகம் என்பது வேண்டாம். பூச்சியியலில் முனைவர் பட்டம் முடிக்கப் போகிறேன், இதுவரை பெயரிடப்படாத ஒரு ஒட்டுண்ணிக் குளவியை விவரித்து எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னேன். குழுவில் இருந்த ஒரு ஐயா சிரித்துக்கொண்டே, "பேர் வச்சு என்னம்மா ஆகப்போகுது? இந்தக் கட்டுரையை யாரு மேற்கோள் காட்டுவா?" என்றார். அங்கே எனக்கு வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. பஸ்ஸில் வரும்போதுதான் வந்தது. அதை இப்போது எழுதுகிறேன்.

எங்களுக்கு சேலம் பக்கம் குச்சிக்கிழங்குக் காடு, அதாவது மரவள்ளி. 2020இல் திருச்சூரில் மரவள்ளி மாவுப்பூச்சி கண்டுபிடிக்கப்பட்டது. அப்புறம் அது எங்கள் பக்கமும் வந்தது. கொழுந்து சுருண்டு முட்டைக்கோஸ் மாதிரி குவிந்துகொள்ளும். விரித்துப் பார்த்தால் உள்ளே வெள்ளை வெள்ளையாக அப்பியிருக்கும். இந்தப் பூச்சியில் ஆணே கிடையாது. ஒரே ஒரு பெண் தப்பினால் போதும், மறுபடி காடு நிறைந்துவிடும். அப்பா மருந்து அடித்துப் பார்த்தார். மேலே மெழுகுப் பூச்சு, சுற்றிலும் சுருண்ட இலை, மருந்து எங்கே போய்ச் சேரும்?

சேர்ந்தது குளவிதான். அனகைரஸ் லோபெசி என்ற ஒட்டுண்ணிக் குளவியை 2021இல் மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து பெங்களூருக்குக் கொண்டுவந்து வளர்த்து, 2022 மார்ச்சில் எங்கள் சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும். புழு உள்ளேயே தின்று வளரும். பூச்சி பழுப்பு நிறத்தில் உப்பிக் காய்ந்து போகும், ஒரு நாள் அதன் முதுகில் ஓட்டை போட்டுக்கொண்டு குளவி வெளியே வரும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் சொல்ல வந்தது அதற்கு முந்தைய கதை.

1970களில் இந்த மாவுப்பூச்சி ஆப்பிரிக்காவில் மரவள்ளியை அழித்துக்கொண்டிருந்தது. மரவள்ளி தென்னமெரிக்கச் செடி என்பதால் பூச்சியின் எதிரியையும் அங்கேயே தேடினார்கள். கண்டத்தின் வடக்குப் பகுதியில் அதே மாதிரி ஒரு மாவுப்பூச்சி கிடைத்தது, அதைத் தாக்கும் ஒட்டுண்ணிகளும் கிடைத்தன. ஆனால் அந்த ஒட்டுண்ணிகள் ஆப்பிரிக்கப் பூச்சியிடம் எடுபடவில்லை. உயிரினங்களை இனம் பிரித்துப் பெயர் வைக்கும் வகைப்பாட்டியலாளர்கள் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோதுதான் இரண்டும் வேறு வேறு சிற்றினங்கள் என்பது தெரிந்தது. சரியான பூச்சி 1981இல் பராகுவேயில் அகப்பட்டது. கூடவே சரியான குளவியும்.

அந்தக் குளவிக்கு அப்போதே பெயர் இருந்தது! அர்ஜென்டினாவின் லூயிஸ் டி சாண்டிஸ் 1964இலேயே அதை விவரித்து வைத்திருந்தார். அது தாக்கும் மாவுப்பூச்சிக்கே 1977இல்தான் பெயர் வந்தது. பகைக்குப் பெயர் வைக்கும் முன்பே, அதன் எமனுக்கு ஒருவர் பெயர் வைத்துவிட்டார். அதனால் என்ன பயன் என்று அவருக்கே தெரிந்திருக்க வழியில்லை. சேலத்தையா நினைத்திருப்பார்? அந்த ஆண்டு நீங்கள் குழுவில் உட்கார்ந்திருந்தால் அவருக்கு எத்தனை மதிப்பெண் போட்டிருப்பீர்கள்?

பப்பாளி மாவுப்பூச்சியும் இப்படித்தான். 2008இல் கோவையில் தலைகாட்டி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று ஒன்றையும் விடவில்லை. 2010இல் இறக்குமதி செய்த அசெரோபேகஸ் பப்பாயே அதை அடக்கியது. அந்தக் குளவி 2003இல்தான் புதிய சிற்றினமாக விவரிக்கப்பட்டிருந்தது.

என் குளவி அப்படி யாரையும் காப்பாற்றும் என்று நான் சொல்ல வரவில்லை. வரப்போரத் துத்திச் செடியில் மாவுப்பூச்சிகள் உப்பிக் கிடந்தன. ஒவ்வொன்றையும் ஒரு காலி மாத்திரைக் கூட்டுக்குள் போட்டு வைத்தேன். வெளியே வந்த குளவிகளில் சில எந்த அடையாளத் திறவிலும், அதாவது உடல் அடையாளங்களை வைத்துப் படிப்படியாகப் பெயரைக் கண்டுபிடிக்க உதவும் பட்டியலிலும், அடங்கவில்லை. ஒரு குளவியை முக்கோண அட்டையின் நுனியில் ஒட்ட, ஊசிமுனையில் பசை எடுக்க வேண்டும். கொஞ்சம் கூடினால் இறக்கை முழுகிவிடும். ஃபேனைப் போட்டால் ஆறு மாத உழைப்பு பறந்து போகும், அதனால் மே மாதத்திலும் வியர்த்துக்கொண்டே வேலை. உணர்கொம்பைக் கழற்றிக் கண்ணாடித் தகட்டில் வைத்து, கணுக்களை எண்ணி, ஒவ்வொன்றின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து, ஏற்கெனவே பெயருள்ள உறவுக்காரக் குளவிகளோடு ஒப்பிட வேண்டும். இரண்டு வருடம் போனது. கட்டுரை பத்துப் பக்கம். பெயரை இங்கே சொல்ல மாட்டேன், முறைப்படி வெளியாகும் முன் அப்படிச் சொல்வது எங்கள் வழக்கமில்லை.

மேற்கோள் எண்ணிக்கைக்கு வருகிறேன். லோபெசி பற்றி எழுதுகிற எல்லோரும் அந்தப் பெயரைப் பயன்படுத்துகிறார்கள். டி சாண்டிஸின் கட்டுரையை மேற்கோள் பட்டியலில் சேர்ப்பவர்கள் குறைவு. எங்கள் துறையில் அது வழக்கமே இல்லை. இந்தத் தராசு எவ்வளவு கோணல் என்பதற்கு இன்னொன்று: விலங்கு வகைப்பாட்டின் முக்கிய இதழான ஜூடாக்ஸாவை, தன்னைத் தானே அதிகம் மேற்கோள் காட்டுகிறது என்று 2020இல் தாக்கக் காரணிப் பட்டியலிலிருந்து தூக்கினார்கள். ஒரு இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற எண்தான் தாக்கக் காரணி. உலகம் முழுக்க வகைப்பாட்டியலாளர்கள் கூச்சல் போட்ட பிறகு திரும்பச் சேர்த்தார்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. புதிய சிற்றின விவரிப்புக்கும் அடையாளத் திறவுக்கும் மதிப்பெண் படிவத்தில் தனி வரி கொடுங்கள், தாக்கக் காரணியைப் பார்க்காமல் கொடுங்கள். ஒட்டுண்ணிக் குளவிகளைப் பார்த்ததும் பெயர் சொல்லக்கூடியவர் ஒருவராவது ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் இருக்கட்டும். அலிகாரில் ஹயாத்தும் கோழிக்கோட்டில் நரேந்திரனும் வளர்த்த துறை இது. ஒருவர் ஓய்வு பெற்றதும் அந்த இடத்தை வேறு பிரிவுக்கு மாற்றிவிடாதீர்கள்.

கட்டுரை வெளியானதும் மூல மாதிரியை, அதாவது அந்தப் பெயருக்கு ஆதாரமான குளவியை, காப்பகத்துக்கு அனுப்பிவிடுவேன், சட்டமும் அதைத்தான் சொல்கிறது. அதுவரை என் மேசையில்தான் இருக்கும். அந்த ஐயா உட்பட யார் வந்தாலும் நுண்ணோக்கியில் வைத்துக் காட்டுகிறேன். ஃபேனை மட்டும் போடச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு பூச்சியியல் மாணவி