தப்பு செய்தவன் ஏமாறும்போது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு பதிப்பில் சிறுகதை வந்தால், அடுத்த வாரமே வாசகர் கடிதங்களில் ஒரு குரல் எழுகிறது: "உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கட்டும். அவனுக்காக நாம் எதற்கு அழ வேண்டும்?" பெண்டாட்டியை அடித்தவன், கூட வேலை செய்தவர்கள் வயிற்றில் அடித்தவன், கடைசியில் யாரிடமோ ஏமாந்து நிற்கும் கதைகளுக்குத்தான் இப்படி எழுதுகிறார்கள். இதற்குப் பயந்து எழுத்தாளர்களும் அடுத்த கதையில் ஆளைக் கழுவித் துடைத்து நல்லவனாக்கிவிடுகிறார்கள். சின்ன வயதிலேயே தாயை இழந்தவன், பட்டினி கிடந்தவன் என்று காரணம் அடுக்குகிறார்கள். கதை கெடுவது அங்கேதான்.

நம் ரப்பர் தோட்டத்து ஆளையே எடுத்துக்கொள்வோம். ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகையில் நிற்கும் மண்டோர், அதாவது தொழிலாளர்களை மேய்க்கும் கங்காணி. வாளிப் பாலை நிறுத்து, கொஞ்சம் எடுத்துத் தண்ணீர் கலந்து, பாலில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்று காட்டும் மெட்ரோலக் என்ற அளவுகோலை மிதக்கவிட்டு, குனிந்து பார்த்து, ஒரு கோடு குறைத்துச் சொல்கிறான். பால்மரம் வெட்டும் அம்மா புத்தகத்தில் விழும் எண்ணைப் பார்க்கிறாள். ஒன்றும் பேசாமல் வாளியைக் கழுவப் போகிறாள். இந்த ஆறேழு வரி கதையில் இருந்தே ஆக வேண்டும். "அவன் கெட்டவன்" என்று எழுதினால் போதாது. அவன் தப்புக்கு யார் விலை கொடுத்தார் என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதுவும் அவன் ஏமாறுவதற்கு முன்பே.

அடுத்தது, எந்த வழியாக ஏமாறுகிறான் என்பது. 55 வயதில் கைக்கு வந்த சேமநிதிப் பணத்தை, ஒரே மாதத்தில் இரட்டிப்பாக்கித் தருவதாகச் சொன்னவனிடம் கொடுத்தால், பேராசைக்குக் கூலி என்று வாசகர் பக்கத்தைப் புரட்டிவிடுவார். அதே பணத்தை, "மாமா, லோரிக்கு முன்பணம் கட்டணும், ஆறு மாசத்துல திருப்பித் தந்துடறேன்" என்று வந்து நிற்கும் அக்காள் மகனிடம் கொடுக்கட்டும். சீட்டு எழுதி வாங்கவில்லை. ஊரார் எடையையெல்லாம் சந்தேகப்பட்டவன், இங்கே ஒரு கையெழுத்துகூடக் கேட்கவில்லை. நமக்கு மனசு இளகுவது இந்த இடத்தில்தான். கொட்டகைக் காட்சி இல்லாவிட்டால் இது வெறும் பணம் போன கதை.

1884இல் வந்த, பிரெஞ்சு எழுத்தாளர் மோப்பசானின் நெக்லஸ் கதையில் இந்தக் கட்டு கச்சிதமாக இருக்கிறது. குமாஸ்தாவின் மனைவி மத்தில்ட் ஆடம்பரத்துக்கு ஏங்குகிறவள். புருஷன் துப்பாக்கி வாங்கச் சேர்த்த 400 பிராங்க் அவளுடைய விருந்து உடுப்புக்குப் போகிறது. இரவல் நெக்லஸ் தொலைந்ததும், கொக்கி உடைந்து பழுது பார்க்கக் கொடுத்திருப்பதாகத் தோழிக்குப் பொய்க் கடிதம் எழுதுகிறாள். எதையும் ஆசிரியர் மறைக்கவில்லை, அவளுக்காக மன்னிப்பும் கேட்கவில்லை. பிறகு 36,000 பிராங்கில் அதே போல ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு, பத்து வருடம் கடன் அடைக்கிறார்கள். வேலைக்காரியை நிறுத்திவிட்டுச் சட்டி தேய்க்கிறாள், துணி துவைக்கிறாள், மாடிக்கு மாடி நின்று மூச்சு வாங்கித் தண்ணீர் சுமக்கிறாள், காசு காசாகப் பேரம் பேசுகிறாள். நம் மனதை அவள் பக்கம் திருப்புவது அந்த வேலைகள்தான். தொலைந்தது அதிகம் போனால் 500 பிராங்க் பெறும் போலி என்று கடைசி வரியில்தான் தெரிகிறது.

முன்பே தெரிந்திருந்தால் அந்தப் பத்து வருடத்தையும் வேறு விதமாகப் படித்திருப்போம். ஆனால் ஆசிரியர் நம்மிடம் கள்ளத்தனம் செய்யவில்லை. நெக்லஸ் வைத்திருந்த பெட்டியில் பெயர் இருந்த நகைக்கடைக்காரர், பெட்டி மட்டும்தான் தன்னுடையது என்று நடுவிலேயே சொல்லிவிடுகிறார். நம் கதைகளில் கடைசித் திருப்பம் பல நேரம் வானத்திலிருந்து குதிக்கிறது. அப்படி ஒரு தடயமாவது வைக்காவிட்டால், ஏமாந்தவன் மேல் இரக்கம் வராது, எழுதியவர் மேல் கோபம்தான் வரும். மண்டோர் கதைக்கு இதற்கு நேர்மாறான வழி பொருந்தும். மருமகன் லோரி எதுவும் பார்க்கவில்லை என்பதை வாசகருக்கு முதலிலேயே சொல்லிவிடலாம். மாமன் பேங்க் வாசலில் வரிசையில் நிற்கும்போது நமக்குப் பதைக்கும்.

இன்னொன்று. கொட்டகையில் பாலின் அளவைக் குறைத்துச் சொல்லி ஏமாற்றப்பட்ட அந்த அம்மாவைக் கடைசியில் கூட்டி வந்து, மண்டோரை மன்னிக்க வைக்காதீர்கள். அவள் நட்டம் அவளுடையது. அவள் மன்னிக்காமலே நாம் அவனுக்காக வருந்த முடியும்.

ஆசிரியர் குழுவுக்கு ஒரு வேண்டுகோள். இடம் போதாமல் கதையைக் குறைக்கும்போது பெரும்பாலும் முன்பாதியில்தான் கை வைக்கிறீர்கள் போலத் தெரிகிறது. அந்தக் கொட்டகைப் பத்தி போன்றவற்றை விட்டுவையுங்கள். அக்கம்பக்கத்தார் கூடி "பாவம், இப்படி ஆயிட்டானே" என்று புலம்பும் முடிவுப் பத்தியை எடுத்துவிட்டாலே வேண்டிய இடம் கிடைத்துவிடும்.

அன்புடன்,
தோட்டத்து வாசகர்கள் சிலர்,
சுங்கை சிப்புட், பேராக்