அனுமதி கேட்காத அப்டேட்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் கணினிப் பகுதியில், 'இயங்குதள அப்டேட்டை மறுப்பது குழந்தைக்குத் தடுப்பூசி போட மறுப்பதற்குச் சமம்' என்று தங்கள் கட்டுரையாளர் எழுதியிருந்தார். தடுப்பூசி போடும் செவிலியர், வீட்டார் உறங்கும் நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருவதில்லை. வந்த கையோடு அடுப்படிச் சாமான்களை இடம் மாற்றி வைத்துவிட்டுப் போவதுமில்லை. இதைத் தாங்களாவது அவருக்கு எடுத்துச் சொல்லியிருக்கலாம்.

நான் கும்பகோணத்தில், அச்சுக்கான பக்கங்களைக் கணினியில் அமைத்துத் தரும் டி.டி.பி. நிலையம் நடத்துகிறவன். ஈய எழுத்தைக் கையால் கோத்துப் பழகிய தலைமுறையைச் சேர்ந்தவன். திருமண அழைப்பிதழ், காதணி விழாப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஆகியவைதாம் பிழைப்பு. கடந்த ஆவணியில் முகூர்த்த நாள்கள் நெருங்கிய வேளையில், 'பின்னர் நினைவூட்டுக' என்ற பொத்தானையே நான் ஒவ்வொரு முறையும் அழுத்திவந்த ஓர் அப்டேட், ஒருநாள் காலையில் கடையைத் திறந்தபோது தானாகவே ஏறிக்கொண்டிருந்தது. 'கணினியை அணைக்காதீர்கள்' என்று திரை எனக்குக் கட்டளையிட்டது. அன்று எங்கள் பகுதிக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. நாம் எல்லோரும் வாய்க்கு வந்தபடி வைகிற மின்வாரியம்கூட, எந்தத் தெருவுக்கு எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை மின்சாரம் இராது என்று முன்கூட்டியே நாளிதழில் அறிவித்துவிடுகிறது. உலகத்துக்கே கணினி அறிவைப் புகட்டும் நிறுவனத்துக்கு அந்த மரியாதை தெரியவில்லை.

யு.பி.எஸ். தாங்குமட்டும் தாங்கிவிட்டு ஓய்ந்தது. மாலையில் மின்சாரம் வந்து, கணினி எப்படியோ எழுந்து நின்றபோது, விலை கொடுத்து வாங்கிய தமிழ் மென்பொருளின் டாங்கிளை, அதாவது அதன் உரிமத்துக்குச் சாட்சியாகக் கணினியில் செருகும் சிறு சாவியை, அது அடையாளம் காண மறுத்தது. பிரிண்டரைக் கணினியோடு பேசவைக்கும் டிரைவர் நிரல் இல்லை. எழுத்துருக்களில் சில மாயமாகியிருந்தன. அதனால், மெய்ப்பு முடிந்து அச்சுக்குப் போகவிருந்த அழைப்பிதழைத் திறந்தால், மணமக்கள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அடைப்புக்குறிகளும் வரிசைகட்டி நின்றன. பெண் வீட்டாரிடம் இதை எந்த முகத்தோடு சொல்வது? சேவை மையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனால், 'பார்மட் அடிச்சிடலாம் சார், டேட்டா போனா நாங்க பொறுப்பில்லை' என்றார்கள். எவருமே பொறுப்பில்லை என்பதுதான் இந்தத் துறையில் எனக்குக் கிடைத்த ஒரே உறுதியான பதில்.

பழைய எழுத்துருக்களை இன்னும் எதற்குக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள் என்று தங்கள் கட்டுரையாளர் கேட்பார். முன்பும் ஒருமுறை அச்சகத்தாரைக் கேலி செய்து அவ்வாறே எழுதியிருந்தார். 1999ஆம் ஆண்டில் தமிழக அரசு தமிழ் எழுத்துருக்களுக்கென்று டேம், டேப் குறியீடுகளை அறிவித்தபோது அதற்கேற்ப மாறினோம். 2010இல் உலக மொழிகளுக்கெல்லாம் பொதுக் குறியீடான யூனிகோட் என்றார்கள், அதையும் கற்றோம். ஆனால் நாங்கள் பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு வெளிவந்தது 2001இல். அதில் யூனிகோட் தமிழ் ஏறாது. மொத்தத்தையும் மாற்ற ஆகும் செலவை ஓர் அழைப்பிதழுக்குச் சில ரூபாய் இலாபம் பார்க்கும் கடை எப்படித் தாங்கும் என்பது, அச்சுத் தொழிலிலேயே இருக்கும் தங்களுக்குத் தெரியாததல்ல.

என் கணினியில் இருப்பது எந்த நிறுவனத்தின் இயங்குதளம் என்று நான் எழுதவில்லை, ஏனெனில் இது ஒரு நிறுவனத்தோடு நிற்கும் வியாதி அன்று. 2016இல் விண்டோஸ் 10க்கு மாறச் சொன்ன அறிவிப்புப் பெட்டியை, மூலையிலுள்ள பெருக்கல் குறியை அழுத்தி மூடியவர்களையும் சம்மதித்தவர்களாகவே மைக்ரோசாஃப்ட் கணக்கில் வைத்தது. எல்லை மீறிவிட்டோம் என்று அந்நிறுவனத்தின் சந்தைப்படுத்தல் தலைவரே அவ்வாண்டு இறுதியில் ஒப்புக்கொண்டார். கேட்காமலே ஏறிய அந்த மாற்றத்தால் தொழில் கெட்டதென்று கலிபோர்னியாவில் பயண முகவர் ஒருவர் வழக்குப் போட்டு 10,000 டாலர் இழப்பீடு பெற்றார். 2018 அக்டோபரில் வந்த அப்டேட் சிலருடைய கோப்புகளையே அழித்துவிட, சில நாள்களில் அதை நிறுத்திவைத்து நவம்பரில்தான் மறுபடி வெளியிட்டார்கள். அதே அக்டோபரில், அப்டேட்டுகள் மூலம் பழைய கைப்பேசிகளை மந்தமாக்கியதற்காக இத்தாலியின் போட்டி ஆணையம் ஆப்பிளுக்கு ஒரு கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 இலட்சம் யூரோவும் அபராதம் விதித்தது. இத்தனைக்குப் பிறகும் தயங்குகிறவன்தான் தடுப்பூசிக்கு எதிரி!

கட்டுரையாளர் வான்னாக்ரை தாக்குதலை உதாரணம் காட்டியிருந்தார். ஒப்புக்கொள்கிறேன். 2017 மே மாதம் உலகெங்கும் கணினிகளை முடக்கிய அந்த நச்சு நிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் ஒட்டு (பேட்ச்), அவ்வாண்டு மார்ச்சிலேயே வெளிவந்திருந்தது, போட்டுக்கொண்டவர்கள் தப்பித்தார்கள். பாதுகாப்பு ஒட்டு வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? ஓட்டையை அடைப்பது ஒன்று; அதைச் சாக்காக வைத்து முழு இயங்குதளத்தையும் மாற்றி, பழைய டிரைவர்களைத் தள்ளிவைத்து, கேட்காத செயலிகளைக் கொண்டுவந்து நிறுத்துவது வேறொன்று. இரண்டையும் ஒரே முடிச்சாகக் கட்டி, 'உங்கள் பாதுகாப்புக்காக' என்று மேலே எழுதித் தருவதைத்தான் எதிர்க்கிறேன். இப்படி ஒருமுறை சூடுபட்டவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? எங்கள் தெருவில் இரண்டு கடைக்காரர்கள் அப்டேட்டை அடியோடு நிறுத்திவைத்திருக்கிறார்கள். அடுத்த வான்னாக்ரை வந்தால் அவர்கள் கணினிகள் விழும். தங்கள் கட்டுரையாளர் அப்போதும் அவர்களையே திட்டுவார்.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், இணைய வணிகத்தில் நுகர்வோரை ஏய்க்கும் 13 உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்கின்றன. ஓயாமல் நச்சரிப்பதும், வேண்டாததைச் செய்யும்படி கட்டாயப்படுத்துவதும், திரை வடிவமைப்பாலேயே திசைதிருப்புவதும் அவற்றுள் அடங்கும். அந்த நெறிமுறைகள் இயங்குதள அப்டேட்டுக்கும் பொருந்துமா என்று ஒரு வழக்கறிஞரைக் கேட்டு எழுதியிருந்தால், அது வாசகனுக்குப் பயன்படும் கட்டுரையாக இருந்திருக்கும். அதற்குப் பதிலாக எங்களுக்கு அறிவுரை கிடைத்தது.

என் கோரிக்கை சிறியது. அடுத்த இதழில் அரைப் பக்கம் ஒதுக்கி, அப்டேட்டைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பது எப்படி, கைப்பேசி இணைப்பில் தரவு தீராமல் இருக்க 'மீட்டர்டு' என்ற அமைப்பை எங்கே மாற்றுவது, டிரைவர்களையும் எழுத்துருக்களையும் எடுத்து வைத்துக்கொள்வது எப்படி என்பவற்றைத் தமிழில், படங்களோடு, கண்ணாடி போட்டவர்களும் படிக்கும் அளவு எழுத்தில் வெளியிட வேண்டுகிறேன். விண்டோஸில் பழைய பதிப்புக்குத் திரும்பும் அவகாசம் முன்பு ஒரு மாதமாக இருந்து 10 நாளாகச் சுருக்கப்பட்டுவிட்டதையும் அதில் தவறாமல் குறிப்பிடுங்கள். பலர் அது முடிந்த பிறகுதான் கடைக்கு ஓடுகிறார்கள். தடுப்பூசி உவமையைத் திரும்பப் பெறுவதும் பெறாததும் கட்டுரையாளரின் விருப்பம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் சந்தாதாரர்,
கும்பகோணம்.