நாங்கள் செய்த கதிரை

வெள்ளவத்தை,
25.11.2024

தோழர் அவர்களுக்கு,

இரண்டு மாதமாக மறுமொழி போடாதது பிழைதான். செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் உங்கட அநுர குமார திசாநாயக்க வென்றதும், தோல்வித் துக்கத்தில் யானைக்காரன் படுத்துவிட்டான் என்று மொட்டையனிடம் சொன்னாயாம். எங்கட ஐக்கிய தேசியக் கட்சியின் யானை வாக்குச்சீட்டிலேயே இல்லையடா. எங்கட ரணில் விக்கிரமசிங்க நின்றது காஸ் சிலிண்டரில். 2022இல் சிலிண்டருக்காக வரிசையில் காய்ந்த சனத்துக்கு அதையே சின்னமாக நீட்டிய மூளை யாருடையதோ! வீட்டில் எல்லாரும் சுகம்.

அநுரவின் கட்சி ஜேவிபி (மக்கள் விடுதலை முன்னணி) ஏறினால் என்னாகுமோ என்ற பயம் இருந்தது, ஒளிக்கவில்லை. 71இலும் 88-89இலும் அவர்கள் செய்த கிளர்ச்சிகளைப் பார்த்த ஆட்கள் நாங்கள். வடக்கு கிழக்கு இணைப்பை உடைக்க 2006இல் நீதிமன்றம் போனவர்களும் இந்த ஜேவிபிதான். 2022 யூலையில் பாராளுமன்றம் ஜனாதிபதியைத் தெரிந்தபோது ரணிலுக்கு 134, டலஸ் அழகப்பெருமவுக்கு 82, அநுரவுக்கு 3. அந்த மூன்றைச் சொல்லிச் சிரித்தோம்.

நடந்தது என்ன? செப்டெம்பர் 23 பதவியேற்பு, தோற்ற ரணில் சத்தமில்லாமல் இறங்கிப் போனார். மத்திய வங்கி ஆளுநர் அதே ஆள். தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னர் அரசின் பிணைமுறி வாங்கிக் கடன் கொடுத்தவர்களோடு ரணில் செய்த கடன் இணக்கம் அப்படியே நிற்கிறது. நேற்று முன்தினம் சர்வதேச நாணய நிதியத்தோடு கடன் திட்டத்தின் மூன்றாம் மீளாய்வுக்கும் அலுவலர் மட்டத்தில் உடன்பாடு. வற் (பெறுமதி சேர் வரி) 18 வீதம்தான் இன்னும். எங்கட ஆள் தைத்த சட்டையைப் பொத்தான்கூட மாற்றாமல் போட்டிருக்கிறார். கோபம் வரவேண்டியது உனக்கு, எனக்கல்ல.

இரண்டாம் எண்ணிக்கை பற்றிக் கேட்டிருந்தாய். 1982 தொடக்கம் ஜனாதிபதித் தேர்தல் எல்லாம் முதல் எண்ணிக்கையிலேயே முடிந்தது, இந்த முறைதான் தேவைப்பட்டது. செல்லுபடியான வாக்கு 13,319,616. அநுர 5,634,915, அதாவது 42.31 வீதம். பாதி தாண்டாததால் முதல் இருவரைத் தவிர மற்ற எல்லாரையும் கழித்து, அவர்களுடைய சீட்டுகளில் 2, 3 என்று யாருக்கு இட்டிருக்கிறது என்று பார்க்கிறார்கள். 33 இலட்சத்துக்கு மேற்பட்ட சீட்டு. அதில் அநுரவுக்கு 105,264, இரண்டாவதாக வந்த சஜித் பிரேமதாசவுக்கு 167,867. பன்னிரண்டில் ஒன்றுதான் நகர்ந்தது. மிச்சச் சனம் பழைய பழக்கத்தில் ஒரு புள்ளடியோடு வந்துவிட்டது, அல்லது விருப்பை இன்னொரு தோற்றவருக்கே கொடுத்தது. முடிவில் அவர் நின்ற இடம் 5,740,179. அது பாதி இல்லை. ஆனாலும் சட்டப்படி சரி, எஞ்சிய இருவரில் கூடினவர் வெல்வார்.

என்னை நித்திரை கொள்ள விடாதது நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தல். ஜேவிபி தலைமையிலான தேசிய மக்கள் சக்திக்கு 61.56 வீத வாக்குக்கு 225இல் 159 ஆசனம். மாவட்டத்தில் முதலாவதாக வருபவருக்கு ஒரு போனஸ் ஆசனம் என்பது உனக்குத் தெரியும். 22 மாவட்டத்தில் 21 அவர்களுக்கு, மட்டக்களப்பு மட்டும் தப்பியது. யாழ்ப்பாணத்திலேயே ஆறில் மூன்று! வாக்கு வீதப்படி ஆசனம் பிரிக்கும் விகிதாசார முறை வந்தால் எவருக்கும் மூன்றில் இரண்டு பெரும்பான்மை கிடைக்காது என்றார்கள். 2010இல் மஹிந்த ராஜபக்ஷ, கட்சி தாவியவர்களை வைத்துத்தான் அந்தக் கணக்கைச் சரிக்கட்டினார். இவர்கள் வாக்கிலேயே எடுத்துவிட்டார்கள்.

இனி உனக்குச் சிரிக்க இடம் தருகிறேன். 77இல் எங்கட தலைவர் ஜே.ஆர். ஜயவர்தனவுக்கு 168இல் 140 ஆசனம் வந்தபோது வெடி கொளுத்திய கட்சி என்னுடையது. அடுத்த மாதமே எங்கட சனத்துக்கு அடி விழுந்ததைச் சொல்லிக் காட்டுவாய், மறுக்க வாயில்லை. அந்த 140ஐ வைத்து நிறைவேற்று ஜனாதிபதி என்ற இந்தக் கதிரையைச் செய்தார். 82இல் தன் எம்பிமாரிடம் திகதி போடாத ராஜினாமாக் கடிதம் வாங்கி வைத்தார், தேர்தலுக்குப் பதில் சர்வசன வாக்கெடுப்பு வைத்துப் பாராளுமன்றத்தை 89 வரை இழுத்தார். பலமான அரசாங்கம் என்று நான் உன்னோடு வாதாடினேனே, அது இதுதான். கதிரையில் எங்கட ஆள் இருக்கும்வரை அதன் உயரம் எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கதிரையின் அதிகாரத்துக்குப் போட்ட பூட்டின் கதையைப் பார். 2001இல் 17ஆம் திருத்தம் அரசியலமைப்புப் பேரவையைக் கொண்டுவந்தது. 2010இல் 18 கழற்றியது. 2015இல் 19 பூட்டியது, 2020இல் 20 கழற்றியது, 2022இல் 21 மறுபடி பூட்டியது. இப்போது பேரவையில் பத்துப் பேர், ஏழு எம்பி, மூன்று வெளியாட்கள். நீதியரசர், பொலிஸ்மா அதிபர், தேர்தல் ஆணைக்குழு நியமனமெல்லாம் அந்த மேசையைத் தாண்டித்தான் போகவேண்டும். கழற்றிய இரண்டு முறையும் திறப்பு ஒன்றுதான், மூன்றில் இரண்டு. அது இன்று ஒரே கட்சியின் சட்டைப்பைக்குள்.

நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிப்போம் என்கிறார்கள். 94இல் சந்திரிகாவும் சொன்னவர். ஏறினதும் கதிரை சுகமாகிவிடுகிறது. முழுதாக ஒழிக்கச் சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும், அதற்குத் துணிவார்களா தெரியவில்லை. துணிந்தால் புள்ளடி போட நானும் வருவேன், மொட்டையனிடம் சொல்லிவிடாதே.

நீ ஏன் பேசாமல் இருக்கிறாய்? 71இலிருந்து காத்திருந்த ஆள், வென்ற பிறகு ஒரு வரி எழுதக் காணோம். மறுமொழியைக் கையால் எழுது, உன் எழுத்தைத் திட்டி நாளாகிறது.

அன்புடன்,
யானைக்காரன்