கலியாணம் முடிக்காதவளுக்குக் கருப்பை இல்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

போன ஞாயிறு உங்கள் மருத்துவப் பக்கத்தில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் பற்றி எழுதிய டொக்டர், "திருமணமாகாத பெண்கள் இது குறித்து அச்சப்படத் தேவையில்லை" என்று கடைசிப் பந்தியில் எங்களுக்கு அபயம் அளித்திருக்கிறார். மிக்க நன்றி. அந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸ் விவாகப் பதிவுச் சான்றிதழைப் பார்த்துவிட்டுத்தான் தொற்றும் என்பது இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

பாலுறவின்போது தோலோடு தோல் உரசினாலே தொற்றக்கூடிய வைரஸ் அது. பெண்ணிடமிருந்து பெண்ணுக்கும் வரும். நீங்கள் அறியாததல்ல. 2017இல் ஆறாம் ஆண்டுப் பெண் பிள்ளைகளுக்கு அதற்கான தடுப்பூசி போடத் தொடங்கியபோது நீங்கள்தானே பக்கம் பக்கமாக விளக்கினீர்கள்? என் வயதுக்காரருக்கு அந்த ஊசி கிடைக்கவில்லை. கருப்பைக் கழுத்திலிருந்து செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் பரிசோதனைதான் கதி.

நான் லெஸ்பியன். 35 வயதில் எடுக்க வேண்டும் என்று சுவரில் ஒட்டியிருந்ததை நம்பி, பெண்களுக்கான அரசாங்க 'வெல் வுமன்' கிளினிக்குக்குப் போனேன். மேசையில் இருந்த மிஸ் தலை நிமிராமலே "கசாத பெந்தலாத?" என்றார், கலியாணம் முடித்தாயிற்றா என்று சிங்களத்தில். இல்லை என்றேன். எடுத்த அட்டையை எழுதாமல் மூடி வைத்துவிட்டு, அப்படியென்றால் தேவையில்லை, கலியாணம் முடித்த பிறகு வாருங்கள் என்றார். எனக்குப் பின்னால் வரிசையில் எங்கள் லேன் அன்ரி ஒருவர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார். நான் என்னத்தை விளக்குவது? அப்புறம் காசு கட்டித் தனியாரில் சனல் பண்ணினேன். அங்கே லேடி டொக்டர் தாலியில்லாத என் கழுத்தைப் பார்த்துவிட்டு, "அம்மாவுக்குத் தெரியுமா?" என்றார். முப்பத்தைந்து வயதுப் பெண்ணிடம்!

இருபது வயதிலிருந்து மாதா மாதம் சுருண்டு படுக்கிற வலிக்கும் எனக்குக் கிடைத்த மருந்து, "ஒரு பிள்ளை பெற்றால் சரியாகிவிடும்" என்பதுதான்.

என்னோடு வாழ்கிறவளுக்கு ஒப்பரேஷன் நடந்தபோது நான் 'மச்சாள்' ஆனேன். பல வருடமாக அவளோடு பேசாத அண்ணன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கியதும் மச்சாளை வெளியே போகச் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் அவரிடமே சொன்னார்கள். கையெழுத்தும் அவர்தான். அவளுக்குப் பெனிசிலின் ஒத்துவராது என்பது அந்த மனிதருக்குத் தெரியுமா? வாசலில் நின்ற அட்டெண்டனைக் கெஞ்சித்தான் அதைச் சொல்லி அனுப்பினேன்.

உண்மையைச் சொன்னால் என்ன என்பீர்கள். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் ஒருபாலுறவைக் குற்றமாக்கும் 365ஏ பிரிவு முதலில் ஆண்களை மட்டும்தான் சொன்னது. 1995இல் திருத்தி எங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். சமத்துவத்தில் அப்படியொரு அவசரம். அந்தக் குற்றத்தை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023இல் உயர் நீதிமன்றம் சொன்னதே, அந்தச் செய்தியை நீங்கள் எந்த மூலையில் போட்டீர்கள் என்று நினைவிருக்கிறதா? இந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு கிளினிக் மேசையில் உண்மை பேசச் சொல்கிறீர்கள். நாங்கள் பொய் சொல்கிறோம், அவர்கள் அந்தப் பொய்க்கு வைத்தியம் பார்க்கிறார்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பாலுறவு அனுபவமுள்ள எந்தப் பெண்ணும், மணமானவளோ இல்லையோ, துணை ஆணோ பெண்ணோ, உரிய வயதில் இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும் என்று அடுத்த ஞாயிறு ஒரு திருத்தம் போடுங்கள். ராசிபலனுக்குக் கீழே இடமிருந்தால்கூடப் போதும்.

என் பெயரைப் போட வேண்டாம். வெள்ளவத்தை வாசகி என்று போடுங்கள். அந்த அன்ரியும் உங்கள் பத்திரிகைதான் வாங்குகிறார்.