மே 18 கோட்டை மியூசியம்: பெயர் கொடுங்க

குடியிருப்போர் அனைவருக்கும் வணக்கம். மே 18, திங்கள், சர்வதேச அருங்காட்சியக தினம். அன்று நாம சேர்ந்து செயின்ட் ஜார்ஜ் கோட்டை மியூசியம் போறோம். அன்று இந்தியத் தொல்லியல் துறை மியூசியங்களில் டிக்கெட் கிடையாது, இதுவும் அதில் ஒண்ணு. ஆன்லைனில் முன்கூட்டி எடுத்துப் பணத்தை வீணாக்காதீங்க. 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு எப்பவுமே இலவசம்தான், மிச்சம் பெரியவங்களுக்கு.

1. காலை 8.30, தண்டையார்பேட்டை மெட்ரோ வாசல். உயர்நீதிமன்றம் ஸ்டேஷனில் இறங்கி நடை. வெயில் ஏறும் முன் போயிடணும்.

2. பெரியவங்க எல்லாரும் ஆதார் அல்லது வேறு அடையாள அட்டை, ஒரிஜினல். கோட்டைக்குள் தலைமைச் செயலகமும் ராணுவமும் இருக்கு, திங்கள் வேலை நாள், கேட்டில் சோதனை உண்டு. ஒருத்தர் அட்டையை மறந்தா மொத்தக் கூட்டமும் வெளியே நிக்கணும்.

3. பெரிய பை, கத்தி, லைட்டர் வேண்டாம். தண்ணீர் பாட்டில், தொப்பி போதும்.

4. பிரிட்டிஷ் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் சிலையின் பீடத்தைக் குனிந்து பாருங்க: 1792-ல் திப்பு சுல்தானின் பிள்ளைகளை அவரிடம் பிணையாக ஒப்படைக்கும் காட்சி பளிங்கில் செதுக்கியிருக்கு. பெரும்பாலும் எல்லாரும் முகத்தை மட்டும் பார்த்துட்டு மாடிக்கு ஏறிடுறாங்க. மேலே பழைய கவர்னர்களின் ஆளுயர ஓவியங்கள். கண்ணாடியில் வெளிச்சம் அடிக்கும், பக்கவாட்டில் நின்று பாருங்க. பிள்ளைகளை எதையும் தொட விடாதீங்க.

5. மே 15 இரவுக்குள் "வர்றோம்", பெரியவங்க எத்தனை, பிள்ளைகள் எத்தனை என்று இங்கேயே பதில் போடுங்க. கட்டைவிரல் எமோஜி கணக்கில் சேராது.